பரஸ்தானப் பெட்டி

மஞ்சள் ஸ்வெட்டரைக் காணவில்லை. பீரோவின் கீழ்த்தட்டில்தானே இருந்தது, கால் முளைத்தா நடந்து போகும் என்று தேன்மொழி மறுபடியும் பழைய பாவாடைகளையும், ஆண்டுவிழாவுக்கு வாங்கி ஒரே ஒருமுறை போட்ட ஜிகினாச் சட்டையையும் தரையில் இறக்கி வைத்துவிட்டு, கையை உள்ளே விட்டுத் துழாவினாள். அந்துருண்டை வாசனைதான் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிக் கிடந்தது. சமையலறையில் அண்ணி பருப்புப்பொடியை இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அதை மூன்றாவது பைக்குள் போட்டுக்கொண்டிருக்கும் சரசரப்பு மட்டும் கேட்டது. ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வாங்கின ஸ்வெட்டர் அது, மகள் வர்ணிகாவுக்கு நாலு வயதில். இப்போது போட்டால் முழங்கைக்குக் கீழே வராது. கனடாவில், சஸ்கட்டூன் குளிரில் அது ஒரு கைக்குட்டைக்குக் கூட ஆகாது. பின்னே எதற்குத் தேடுகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்லப் பதில் இல்லை, அதனால்தான் அண்ணியிடம் கேட்காமல் தானே தேடிக்கொண்டிருந்தாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள என்று முப்பத்துநாலு வயதுக்காரி, கல்லூரியில் பாடம் நடத்தினவள், வாய் விட்டுச் சொல்ல முடியுமா. கொஞ்ச நேரத்தில் கார் வந்துவிடும். அதற்கு அப்புறம்தான் ஸ்கூல் வேன் வரும். “பிள்ளை வர்றதுக்குள்ள கிளம்பிடு தேனு, அதான் ரெண்டு பேருக்கும் நல்லது” என்று அண்ணி சொன்னாள். தேன்மொழி உடனே சரி என்றாள். கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம். அந்த உடனேதான் காலையிலிருந்து தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, சோற்றை உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை.

ஸ்வெட்டர் ஒருவேளை பெட்டியிலேயே இருக்குமோ, தெரியாமல் போட்டிருப்பேனோ என்று நினைத்தாள். போய்ப் பார்க்கலாம் என்றால் பெட்டி இந்த வீட்டில் இல்லை. அது திங்கட்கிழமையே பயணம் கிளம்பி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. டிக்கெட் போட்டு முடித்த பிறகுதான் அண்ணி காலண்டரைப் புரட்டினாள். பார்த்தால் கிளம்புகிற புதன்கிழமை தேன்மொழிக்குச் சந்திராஷ்டமம். “சந்திராஷ்டமத்துல கடைத்தெருவுக்கே போக மாட்டோம், இவ கடல் தாண்டிப் போறாளாம்” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். டிக்கெட்டை மாற்றினால் அங்கே வகுப்பு தொடங்கிவிடும். ஆகவே பரஸ்தானம். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துப் பயணக்காரரின் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அப்போதே ஆள் கிளம்பியாயிற்று என்று கணக்கு. அதற்குப் பிறகு எந்த நாளில் போனாலும் குற்றமில்லை. ஒன்றே ஒன்று, வைத்த பெட்டி திரும்பி வீட்டுக்குள் வரக் கூடாது, வந்தால் பயணம் முறிந்தது. போகிற திசையில் இருக்கும் வீடாகவும் இருக்க வேண்டுமாம். கனடா எந்தத் திசை என்று அண்ணன் குணசேகரன் செல்போனில் தேடிப் பார்த்து, “முதல்ல மேக்கே போயி அப்புறம் வடக்கே திரும்புது, ஒண்ணும் புரியல” என்றான். அண்ணி வடக்கே போதும் என்று முடித்துவிட்டாள், ஏனென்றால் வடக்கு வீட்டுப் பிலோமினா டீச்சரைத்தான் அவளுக்குப் பிடிக்கும். “தாராளமா வைங்க. ஏசப்பா பாத்துக்குவாரு, அவருக்குச் சந்திராஷ்டமம் கெடையாது” என்று டீச்சர் ஹாலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பெட்டியின் மேல் அண்ணி வெற்றிலையும் மஞ்சள் கிழங்கும் வைத்தாள். பாதிதான் அடுக்கியிருந்த பெட்டி. மறந்துபோன ஒவ்வொன்றையும், குக்கர் கேஸ்கெட்டை, தைலத்தை, நார்த்தங்காய் ஊறுகாயை, தெருவைத் தாண்டிப் போய் வைத்துவிட்டு வந்தார்கள். எதிர்வீட்டு நாய்கூடக் குரைப்பதை விட்டுவிட்டது. அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

வர்ணிகா அன்றைக்குப் பல் தேய்த்த வாயோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பெட்டியை உருட்டிக்கொண்டு தெருவைக் கடந்தான், சக்கரம் கல்லில் இடறி ஒருதரம் சாய்ந்தது. “அம்மா பெட்டி எதுக்கு டீச்சர் வீட்டுக்குப் போகுது?” அண்ணிதான் பதில் சொன்னாள், அவள் எதையும் ஆசையாகத்தான் சொல்வாள். “பெட்டி போயிட்டா அம்மா கிளம்பியாச்சுன்னு அர்த்தம்டா கண்ணு. இனிமே எந்தத் தடையும் வராது.” பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை, கடையில் பொம்மையைப் பார்ப்பதுபோல. “அப்ப இங்க இருக்கறது?” அண்ணி சிரித்துவிட்டாள். “அது சும்மா.” அண்ணன் சிரித்தான். தேன்மொழியும்தான் சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருந்தால், அந்த இடத்திலேயே உட்கார்ந்து இல்லைடா செல்லம், நான் இங்கேதான் இருக்கேன், புதன்கிழமை வரைக்கும் இருக்கேன் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும். ஆனால் அப்போது ஊறுகாய் பாட்டிலுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்ற கவலை. உணவுப் பதப்படுத்துதலில் மேல்படிப்புக்குப் போகிறவளுக்கு ஊறுகாய் மூடிக் கவலை இருக்கத்தானே செய்யும். அது சும்மா. அன்றைக்கு ராத்திரி வர்ணிகா தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணி பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஏனடி என்று தேன்மொழி கேட்டதற்கு அண்ணியிடம்தான் சொன்னாள், “அம்மாதான் போயாச்சே அத்தை, தனியா படுக்க பயமா இருக்கு.”

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் தேன்மொழி சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிள்ளை நேரே தாண்டிப் போய் அத்தைக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அண்ணிக்கு இரட்டைப் பின்னல் சரியாக வராது, வகிடு கோணிவிடும், கோணியது. கோணல் வகிட்டோடு வர்ணிகா பள்ளிக்கூடம் போனாள். சாப்பிட்டியா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாள், மரியாதையாக, வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தத்துக்குச் சொல்வதுபோல. கோபம் இருந்தால் பரவாயில்லை, கோபத்தைத் தேன்மொழிக்குச் சமாளிக்கத் தெரியும், ஒரு ஐஸ்கிரீம், ஒரு கிச்சுகிச்சு, கோபம் போய்விடும். இது கோபமில்லை. நேற்றுச் சாயங்காலம் கதவோரம் அவள் நிற்கும்போதே பிள்ளை அத்தையைக் கேட்டாள், “அம்மா இப்ப எங்க இருப்பாங்க அத்தை? ப்ளேன்லயா?” அண்ணி பதறிப்போய் இவளைப் பார்த்தாள். இவள் நிற்பது வர்ணிகாவுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாளா, வேண்டுமென்றே குத்தினாளா, இல்லை நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாளா. ராத்திரி முழுக்க இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். குத்தினாள் என்றால் நல்லது, குத்துகிறவளுக்கு வலி இருக்கிறது என்று அர்த்தம். நிஜமாகக் கேட்டாள் என்றால் அவளுக்கு அம்மா போய்விட்டாள், முடிந்தது, இங்கே நடமாடுவது சும்மா. எல்லோரும் தேறுதலாகச் சொன்னார்கள், கல்லூரியில் உடன் வேலை பார்த்தவர்கள், அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர்கள், பிள்ளைங்க சீக்கிரம் பழகிடும்மா, நீ கவலைப்படாமப் போ என்று. அதைக் கேட்டுத் தலையாட்டிவைத்தாள். பிள்ளை அழுவாள் என்று அவளுக்குப் பயமே இருந்ததில்லை. பழகிவிடுவாளே என்றுதான் பயம். இதோ, பெட்டி போன நாளிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறாள், அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே பழகுகிறாள், நன்றாகவே பழகுகிறாள்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பழைய ஷூ, தாயக்கட்டை, ஒரு கை இல்லாத பொம்மை. ஸ்வெட்டர் இல்லை. குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள், தரை குளிர்ச்சியாக இருந்தது. கூட்டிக்கொண்டே போயிருக்கலாம். அந்த எண்ணம் வரும் என்று தெரியும், வராமல் இருக்கத்தான் ஸ்வெட்டரைத் தேடுவதே. திருச்சியில் விசா கன்சல்டன்சிக்காரன், நெற்றியில் விபூதி, கையில் இரண்டு போன், நல்ல பையன்தான், தன்மையாகத்தான் சொன்னான். “குழந்தையையும் சேத்துப் போட்டா இழுக்கும் மேடம். நீங்க முதல்ல போய் செட்டில் ஆகுங்க. குழந்தை இங்க இருக்குங்கறதே உங்களுக்குப் பெரிய பாயிண்ட். நீங்க திரும்பி வருவீங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரணும்ல?” அப்படித்தான் விண்ணப்பத்தில் அந்த வரியை எழுதினாள். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை, அவளே நல்ல ஆங்கிலத்தில், இரண்டு தடவை திருத்தி எழுதினாள். இந்தியாவிலேயே இருக்கப்போகும் என் ஏழு வயது மகளே நான் திரும்பி வருவதற்கு மிக வலுவான காரணம். எழுதியபோது நல்ல வாக்கியமாகத்தான் பட்டது. உண்மைதானே என்றும் பட்டது. ஆனால் மனதுக்குள் போட்டிருந்த கணக்கு வேறு, ஒரு வருஷத்தில் பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்வது, பனியில் சிவப்புத் தொப்பி போட்டு நடக்கவிடுவது, அங்கேயே ஒரு பள்ளிக்கூடம். அப்படியென்றால் எழுதினது பொய். அழைத்துக்கொள்ள முடியாமல் போனால் எழுதினது உண்மையாகிவிடும். எது நடந்தாலும் ஒன்று மட்டும் மாறாது, பிள்ளையைப் பிணையாக வைத்துத்தான் விசா வாங்கினாள். அடகுக்கடையில் வளையலை வைப்பதுபோல வைத்துவிட்டாள். வர்ணிகாவின் அப்பன் கோயம்புத்தூரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான், அவன் போனபோது பிள்ளைக்கு இரண்டு வயது, அவனும் ஒரு பெட்டியோடுதான் போனான். அவனை எவ்வளவு திட்டியிருப்பாள். பெத்த பிள்ளையைவிட்டுப் போக எப்படிடா மனசு வந்தது என்று போனில் கத்தியிருக்கிறாள். எப்படி வருகிறது என்று இப்போது தெரிகிறது. அடுப்படியில் பால் வைத்திருக்கிறாயா, கேஸ்கெட் எடுத்து வைத்தாயா என்று ஒவ்வொரு வேலையாக வரும், அதற்கு நடுவில் மனசு வந்துவிடுகிறது. இல்லை, நான் அவனில்லை. நான் பிள்ளைக்காகப் போகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் கொடுக்கிற கல்லூரியில் இருந்துகொண்டு என்ன செய்துவிட முடியும், அண்ணன் வீட்டு மாடியறையில் எத்தனை வருஷம் ஒண்டிக்கொண்டிருப்பது. எல்லாம் சரிதான்.

காலையில் லீவு போடச் சொன்னாள் அண்ணி. “இன்னைக்கு ஒரு நாள் வீட்ல இருடா, அம்மா ஊருக்குப் போறாங்கல்ல.” வர்ணிகா டையைத் தானே மாட்டிக்கொண்டு, “அம்மாதான் போயாச்சே, லீவு எதுக்கு?” என்றாள். வேன் வந்தது. தேன்மொழி கேட் வரைக்கும் கூடவே போனாள், தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கும் சாக்கில். தூக்கி அணைக்கலாம் என்று குனிந்தாள், பிள்ளை பாட்டிலை வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் என்றாள். ஏழு வருஷத்தில் அம்மாவுக்குத் தேங்க்ஸ் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள், ஆனால் பார்த்தது எதிர்வீட்டை. வேன் திரும்பும்வரை எதிர்வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு போனாள். டாட்டா காட்டத் தூக்கின கையைத் தேன்மொழி என்ன செய்வது என்று தெரியாமல் கேட்டின் மேல் வைத்துக்கொண்டாள். திரும்பி வந்து அண்ணி துவைக்கப் போட்ட கூடையில் பிள்ளையின் உடுப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள், அந்த வியர்வை வாசனை இருந்தால் போதும். அண்ணி கெட்டிக்காரி, விடியற்காலையிலேயே எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அப்போதுதான் ஸ்வெட்டர் நினைவுக்கு வந்தது.

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. அண்ணன், “தேனு, வண்டி வந்தாச்சு” என்றான், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவன் பட்ட பாடு தெரிந்தது. தரையில் இறக்கின துணிகளை அள்ளித் தட்டில் திணித்தாள். கைப்பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். அண்ணி சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தித் திருநீறு பூசிவிட்டாள். “பிள்ளையப் பத்தி நினைக்காத. என் பிள்ளை மாதிரி பாத்துக்கறேன்.” அதில் சந்தேகம் இல்லை அண்ணி, அதுவும் ஒரு பயம்தான் என்று தேன்மொழி சொல்லவில்லை. படியிறங்கினாள். இனிமேல் திரும்பி வீட்டுக்குள் போகக் கூடாது, நேரே எதிர்வீடு, அங்கிருந்து பெட்டி, அங்கிருந்து கார். தெருவில் வெயில் காய்ந்தது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

டீச்சர் ஹாலில் பெட்டி போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது, மேலே வெற்றிலை வாடிச் சுருண்டிருந்தது. அதன் பக்கத்தில், சுவரோடு ஒட்டி, இன்னொரு பை. முயல் படம் போட்ட, ஜிப் பாதி பிய்ந்த, வர்ணிகா எல்.கே.ஜி.யில் தூக்கிக்கொண்டு போன பை. “இத நீங்க குடுத்துவிட்டதுன்னுல்ல நெனச்சேன்” என்றார் டீச்சர். “நேத்து ஸ்கூல் விட்டதும் கொண்டாந்து வச்சிது. தொடாதீங்க டீச்சர், தொட்டா தப்புன்னு வேற சொல்லிட்டுப் போச்சு.” தேன்மொழி கீழே உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தாள். உள்ளே மஞ்சள் ஸ்வெட்டர், நாலாக மடித்து, ஓரம் ஓரமாகச் சேர்த்து. ஒரு பல் துலக்கும் பிரஷ். பிறந்தநாள் கவுன். எல்லாவற்றுக்கும் மேலே, சமையலறை டப்பாவிலிருந்து எடுத்த ஒரு மஞ்சள் கிழங்கும், தோட்டத்துச் செம்பருத்தி இலை ஒன்றும். வெற்றிலை அவளுக்குக் கிடைத்திருக்காது. அம்மா போயாச்சு, அம்மா போயாச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தவள், தானும் கிளம்பியாகிவிட்டது என்றுதான் காலையில் இந்த வீட்டையே பார்த்துக்கொண்டு போனாளா. தேன்மொழி எதையும் எடுக்காமல் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அண்ணன் பின்னாலேயே வந்தவன் பெரிய பெட்டியை நிமிர்த்தினான், பையைப் பார்த்தான். “இது என்ன, வர்ணியோடதா? குடு, வீட்ல வச்சிட்டு வந்துடறேன்.” “தொடாதண்ணே.” அவள் கத்தினது அவளுக்கே கேட்டது. “அத வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாது. இங்கயே இருக்கட்டும். டீச்சர், நான் வந்து கூட்டிட்டுப் போறவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்.” வாசலில் நின்ற அண்ணிக்குப் புரிந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர், “இருக்கட்டும்மா, எத்தனை வருஷமானாலும் இருக்கட்டும்” என்றார். டிரைவர் வெளியே ஹாரன் அடித்தான். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். அவள் டீச்சரின் பிரம்பு நாற்காலியில் கைப்பையோடு உட்கார்ந்துவிட்டாள். தன் வீட்டுக்குத்தான் திரும்பிப் போகக் கூடாது, இங்கே உட்காரக் கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. “ஸ்கூல் வேன் வரட்டும்ண்ணே. ப்ளேன் போனா போகட்டும்.” அவன் டிரைவரிடம் பேசப் போனான்.

வேன் வந்தது. இறங்கின வர்ணிகா தன் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை, டீச்சர் வீட்டு வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள், ஷூ போட்ட காலோடு படியேறினாள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஹாலில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. “டீச்சர், என் பை போயிருச்சா?” சுவரோரம் பை இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் ஏமாந்து தோள் இரண்டும் இறங்கிய விதத்தைத் தேன்மொழி பார்த்தாள், எந்த ஊருக்குப் போனாலும் அதை மறக்கப்போவதில்லை. “வர்ணி.” பிள்ளை திரும்பினாள். “நீ இன்னும் போகலையாம்மா?” திங்கட்கிழமையிலிருந்து தன்னைப் பார்த்துச் சொல்லாத அந்த ‘அம்மா’வைக் கேட்டதும் தேன்மொழி நாற்காலியைவிட்டு இறங்கி முட்டி போட்டாள். “உன் பை இங்கயேதான் இருக்கும். யாரும் வீட்டுக்குத் தூக்கிட்டு வர மாட்டாங்க. நான் டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். நீயும் கிளம்பியாச்சு.” வர்ணிகா யோசித்தாள். கோணல் வகிடு, கழுத்தில் சாய்ந்துபோன டை, கையில் காலித் தண்ணீர் பாட்டில்.

“அப்ப வீட்ல இருக்கறது?”

தேன்மொழி அந்த வகிட்டை விரலால் நேராக்கினாள்.

“அது சும்மா.”

பிள்ளை தலையாட்டினாள். பிறகு அம்மாவின் துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு அழத் தொடங்கினாள்.